குட்டி யானைக்குப் பெரிய இன்ஜின்: வாசகர் கேள்வி, பட்டறைப் பதில்

சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் இம்முறை ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: மலையில் ஓடும் சரக்கு வண்டி, அதன் இன்ஜினை மாற்றுவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறோம்.

கேள்வி: 702 சிசி டீசல் குட்டி யானை (டாடா ஏஸ் மினி டிரக்) வைத்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் பாதி வளைவுகளில் முதல் கியர்தான். அதே கம்பெனியின் சூப்பர் ஏஸ் வண்டியில் வரும் 1.4 லிட்டர் டர்போ இன்ஜினைப் பழசாக வாங்கி வைத்துவிடலாம், புது வண்டி வாங்குவதைவிடச் செலவு கம்மி என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: வேண்டாம். எத்தனை மூட்டை ஏற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் வண்டி லோடோடு சேர்த்து 1,550 கிலோவுக்கு உருவானது. அதில் சரக்கு சுமார் 750 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை பதினைந்து. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலையில் 1,550 கிலோவை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இழுக்க, கியர் பாக்ஸிலும் பின் ஆக்ஸில் ஹவுசிங்கிலும் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 12.5 எச்.பி. வேண்டும். உங்கள் இன்ஜின் கொடுப்பது 16 எச்.பி. அதுவும் சேலத்தில். 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்று மெலிந்து, டர்போ இல்லாத இன்ஜின் ஏழில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். மிஞ்சுவது 14-க்குக் கொஞ்சம் கீழே. பதினைந்து மூட்டையோடு போனால் இரண்டாவது கியரில் முக்கி முனகியாவது ஏறிவிடும். அதே வண்டியில் இருபத்தாறு மூட்டை வைத்தால் மொத்தம் 2,100 கிலோ, தேவை 17 எச்.பி. பக்கம். இன்ஜினிடம் இல்லாததை அது எங்கிருந்து கொடுக்கும்? வேகத்தைக் குறைத்து முதல் கியருக்கு வருவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

இனி அந்த 1.4 லிட்டர் இன்ஜின். பழைய இன்ஜினின் முறுக்கு விசை 38 நியூட்டன் மீட்டர் அளவு. இதற்கு 135. மூன்றரை மடங்கு. முதல் கியர் அதையும் பெருக்கித்தான் பின்னால் அனுப்பும். முதலில் கிளட்ச் நழுவும். பெரிய கிளட்ச் போட்டால் கியர் பாக்ஸுக்குள் பல் உடையும். அதையும் மாற்றினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான யு.ஜே. கிராஸ், பிறகு பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள், கடைசியில் ஆக்ஸில் ஷாஃப்ட். கொண்டை ஊசி வளைவில் லோடோடு நின்று, கிளட்சை விட்டுக் கிளப்பும் அந்த ஒரு நொடியில்தான் இவை போகும். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. கணக்குப் போட்டால் இன்ஜின் விலை மொத்தச் செலவில் பாதிகூட வராது.

சட்டமும் இடம் கொடுக்கவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 702 என்பது 1,400 ஆனால் அது மாற்றம்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவுக்கு இதே பொருளைத்தான் சொன்னது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் வண்டி நிற்கும். விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான். சிலிண்டர் உட்சுவர் தேய்ந்துபோன இன்ஜினுக்குப் பதிலாக அதே ரக இன்ஜினை, ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, நம்பரை ஆர்.சி.யில் ஏற்றி மாற்றுவது வேறு விஷயம். அதற்குத் தடை இல்லை.

என்ன செய்யலாம்? இருக்கிற 16 எச்.பி. முழுசாக வருகிறதா என்று பாருங்கள். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே சக்தி போகிறது. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. ஏற்றத்தில் கரும்புகை கக்கினால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு டீசலைத் தெளிக்கும் நாசிலை டெஸ்ட் பெஞ்சில் வைத்து பிரஷரும் ஸ்பிரேயும் சரிபாருங்கள். பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தால் இழுவை கூடும் என்று சிலர் சொல்வார்கள். மலையில் காற்றே குறைவு. கூடுதல் டீசல் புகையாகவும் சூடாகவும்தான் போகும், பிஸ்டனும் சேர்ந்து போகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தினமும் ஒரு டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் உங்கள் தொழில் அந்த வண்டியைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். 1.5 லிட்டர் தோஸ்த்தோ, 2.5 லிட்டர் பொலேரோ பிக்கப்போ பழசாகப் பாருங்கள். ஓவர்லோடுக்கு இப்போது அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இரண்டு முறை பிடிபட்டால் நல்ல கிளட்ச் செட்டும் ஒரு ஜோடி டயரும் வாங்கும் பணம் போய்விடும்.

கேள்வி: டிப்ளமோ ஆட்டோமொபைல் மாணவர்கள் நாங்கள். கழித்த மினி டிரக் சேஸில் நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் இன்ஜின் பொருத்துவதுதான் புராஜெக்ட். கல்லூரி வளாகத்தைவிட்டு வெளியே போகாது. சேஸில் உள்ள பழைய கியர் பாக்ஸையே வைத்துக்கொள்ள நினைக்கிறோம். எங்கே கவனம் தேவை?
– மாணவர்கள், கருப்பூர், சேலம்

பதில்: எங்களைக் கேட்டால் இன்ஜினோடு அதன் கியர் பாக்ஸையும் சேர்த்தே எடுங்கள் என்போம். பாதித் தலைவலி போய்விடும். ஆனால் கற்றுக்கொள்ளத்தான் செய்கிறீர்கள் என்பதால் அடாப்டர் பிளேட் வழியையே எழுதுகிறோம்.

கியர் பாக்ஸின் முன்னால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள் இன்ஜின் முகத்தோடு ஒத்துப்போகாது. இடையில் 12 முதல் 16 மி.மீ. தடிமனில் ஒரு பிளேட் வரும். துளை போடுவது சுலபம். லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் வருவதுதான் வேலையின் உயிர். இப்படிச் செய்யுங்கள்: பிளேட்டையும் வெறும் பெல் ஹவுசிங்கையும் இன்ஜினில் மாட்டுங்கள். டயல் கேஜின் காந்த அடியை ஃப்ளைவீல் மீது வைத்து, முனை பெல் ஹவுசிங்கின் நடுத் துளையின் உள்சுவரைத் தொடும்படி வையுங்கள். கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் மொத்தமாக 0.15 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்துங்கள். சரியாக வந்த பிறகுதான் டவல் பின் (இடம் நகராமல் பிடிக்கும் ஊசி) துளையை ரீமர் போட வேண்டும். முதலிலேயே டவல் துளை போட்டுவிட்டால் பிழை நிரந்தரமாகிவிடும். மையம் தப்பினால் முதல் நாளே எதுவும் உடையாது. சில வாரத்தில், இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் இரையும், கியர் தானாக நழுவும், கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் விரிசல் விடும். பழியை எல்லோரும் கியர் பாக்ஸ் மீது போடுவார்கள்.

பிளேட்டின் தடிமன் அளவுக்குக் கியர் பாக்ஸ் பின்னால் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. இன்புட் ஷாஃப்டின் மூக்கு கிராங்கின் வாலில் உள்ள ஸ்பிகாட் பேரிங்குக்குள் போதுமான அளவு நுழைகிறதா? இல்லையென்றால் கிராங்க் பக்கத்தில் நீட்டிய புஷ் ஒன்று கடைய வேண்டும். நேர்மாறாக, ஷாஃப்ட் போய்க் கிராங்கில் முட்டவும் கூடாது, 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். மூக்கு நுனியில் களிமண் ஒட்டிப் பொருத்திப் பார்த்துக் கழற்றினால் இடைவெளி அதில் பதிந்திருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் பெல் ஹவுசிங் பக்கம் மாட்டும் ரகமாக இருந்தால் அதன் பல்லும் ரிங் கியரில் அதே தடிமன் அளவுக்குக் குறைவாகத்தான் விழும். அதையும் அளந்துவிடுங்கள்.

ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் புது இன்ஜினுடையவை. கிளட்ச் பிளேட்டின் வெளி விட்டம் அவற்றுக்குப் பொருந்த வேண்டும், நடுவில் உள்ள ஸ்ப்ளைன் (உள்பல் வரிசை) பழைய கியர் பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும். கடையில் இது ஒரே பொருளாகக் கிடைக்காது. லாரிக் கிளட்ச் பிளேட் ரிவெட் அடிக்கும் பட்டறைகளில் ஹப்பை மாற்றித் தருவார்கள்.

மவுன்டிங் பிராக்கெட்டை முதலில் டாக் வெல்டிங் (தற்காலிகப் புள்ளி ஒட்டு) மட்டும் வையுங்கள். ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங் எல்லாம் உட்கார்ந்த பிறகு முழு வெல்டிங். சேஸ் ரெயிலின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ வெல்டிங்கோ கூடாது, நடுச் சுவரில் மட்டுமே. அந்த விளிம்புகள்தான் வளைவின் இழுவையைத் தாங்குகின்றன. விரிசல் அங்கே தொடங்கி உள்ளே ஓடும். முன் ஆக்ஸிலை ஜாக்கியால் ரப்பர் ஸ்டாப்பர் வரை தூக்கி, சம்ப்பின் (ஆயில் தொட்டியின்) அடிப்பாகத்துக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இடம் இருக்கிறதா பாருங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் இ.சி.யு.வையும் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கழற்றிவிடுங்கள்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். முன் கிராஸின் கோணமும் பின் கிராஸின் கோணமும் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும், இரண்டும் 3 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் மாற்றிச் சொருகினாலும் வண்டி அதிரும். வெட்டி ஒட்டிய ஷாஃப்டை பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள்.

வயரிங்கில் குறுக்கு வழி தேடாதீர்கள். காமன் ரெயில் இன்ஜின் வாங்கும்போதே இ.சி.யு., முழு ஹார்னஸ், சாவியும் இம்மொபிலைசரும், ஆக்ஸிலரேட்டர் பெடல், மீட்டர் எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். பாதியை வேறு வண்டியிலிருந்து எடுத்தால் இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டையை மறப்பவர்கள் ஏராளம். ரப்பர் மவுன்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் திரும்ப வழி தேடிக் கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சூடாகி உறை உருகும். கேபிள் ஏன் அடிக்கடி இறுகுகிறது என்று மண்டையைக் குழப்பிக்கொள்பவர்கள் பேட்டரி எர்த்தைப் பார்ப்பதே இல்லை.

காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் இருந்தால் அதற்கு வேக்குவம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டீசலில் அது தனி பம்ப். பல இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும். ஆல்டர்னேட்டரை மாற்றி மாட்டிவிட்டு பிரேக் மரம்போல ஆனதற்குக் காரணம் தேட வேண்டாம்.

வேகம் எப்படி வரும் என்று முன்பே கணக்குப் போடலாம். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் கிரவுன் விகிதம். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று. இன்ஜின் ஆர்.பி.எம்.மை டயர் சுற்றளவாலும் 0.06-ஆலும் பெருக்கி, கியர் விகிதம், கிரவுன் விகிதம் இரண்டின் பெருக்கலால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். 145 ஆர்12 டயரின் சுற்றளவு சுமார் 1.7 மீட்டர். கிரவுன் 4.5, டாப் கியர் 1 என்றால் 3,000 சுற்றில் 68 கி.மீ.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் போகாமல் தடுத்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சின்னச் சின்ன இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் எங்கும் மேலே ஏறாமல் சம்ப்பை நோக்கி இறங்கியே வர வேண்டும். இல்லையேல் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி இன்டேக்கில் போகும். அப்படிப் போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகலாம். அதனால் ஒருவர் கையில் ஒரு தட்டையான பலகை இருக்கட்டும். இன்டேக் வாயை அதனால் அடைத்தால் நின்றுவிடும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து பிக்கப்பில் இன்ஜின் மாற்றியதிலிருந்து ஏற்றத்தில் சூடு ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் குறையவில்லை. சமதளத்தில் பிரச்சினையே இல்லை.
– வாசகர், கொட்டச்சேடு

பதில்: தெர்மோஸ்டாட்டை முதலில் திரும்ப மாட்டுங்கள். பல இன்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.

சமதளத்தில் ஓடும் காற்றே குளிர்விக்கிறது. ஏற்றத்தில் வண்டி ஊர்கிறது, இன்ஜின் முழு பலத்தில் உழைக்கிறது. அங்கே ஃபேன்தான் எல்லாம். ஃபேனைச் சுற்றிக் கூண்டு இருக்கிறதா? இல்லாத ஃபேன் அடித்த காற்றையே திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முன்னால் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் வயர் மாறியிருக்கிறது. ரேடியேட்டர் மூடி இன்ஜின் ஹெட்டைவிடத் தாழ்வாக இருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். முன் சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஆறிய இன்ஜினைக் கிளப்பிக் குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். நிற்கவே இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

மூடியும் முக்கியம். ஏற்காடு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி நன்றாக இறுகினால் 115-ஐத் தாண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு ஓட்டுவது மூடி இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். இத்தனையும் சரி என்றால் ரேடியேட்டரே போதவில்லை. இன்ஜின் எந்த வண்டியில் வந்ததோ அந்த வண்டியின் ரேடியேட்டர்தான் வேண்டும்.

கேள்வி: இறக்கத்தில் பிரேக் வாடை வருகிறது, பெடல் உள்ளே போகிறது. பெரிய இன்ஜின் போட்டால் இன்ஜின் பிரேக் கூடும் என்கிறார்களே?
– ஓட்டுநர், அஸ்தம்பட்டி

பதில்: கொஞ்சம் கூடும், அதோடு வண்டியின் எடையும், ஓட்டுநரின் தைரியமும் கூடும். 1,550 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது கரைக்க வேண்டிய சக்தி 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஐந்து மணி நேரம் தரும் சூடு அது. மலை இறங்கும் முக்கால் மணி நேரத்தில் அதை பிரேக் மட்டுமே வாங்கினால் லைனர் கருகும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வேகம் கூடினால் ஒரே மூச்சில் பலமாக அழுத்திக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். லேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் வாடைக்குக் காரணம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் சாவியை அணைப்பதும் தற்கொலை. இன்ஜின் நின்றால் பூஸ்டருக்கு வேக்குவம் இல்லை.

பெடல் உள்ளே போவது ஆயிலின் வேலை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 140-லேயே கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் விழும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றி ஏர் எடுங்கள். டாட் 4 போட்டால் இன்னும் நல்லது. பெடல் விழுந்த வண்டியை ஆறவைத்து மேற்கொண்டு ஓட்டிவிட்டு, அடிவாரம் வந்ததும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். இன்ஜின் மாற்றியதுபோலத் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வாழப்பாடி

பதில்: ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரை பிளாக்கில் அடித்திருப்பதோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். நம்பர் உள்ள இடம் மட்டும் புதிதாகத் தேய்த்த பளபளப்போடு இருந்தால் அப்படியே வந்துவிடுங்கள். மவுன்டிங் பிராக்கெட்டில் கை வெல்டிங் மணி, வெட்டி ஒட்டிய ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டேப் சுற்றிய வயர் முடிச்சு ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். மாற்றியிருந்தால், ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, இன்ஜின் வாங்கிய பில் உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது திருட்டு வண்டியின் இன்ஜினாகவும் இருக்கலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்ணே" என்று சொல்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெட்ரோல் மினி டிரக்கில் சி.என்.ஜி. கிட் போடுவதும் சட்ட விரோதமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: இல்லை. அங்கீகாரம் பெற்ற கிட் என்றால் பிரிவு 52 அனுமதிக்கிறது. ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். ஆனால் கேஸில் பெட்ரோலைவிட இழுவை குறையும். மலைக்குப் போகும் வண்டி என்றால் ஏற்றத்தில் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.